புகைக்கு உரியவர் யாவர்?

மேடவாக்கம் கூட்டு ரோட்டில் காலை எட்டரை மணிக்குச் சிறிது நேரம் நின்று நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழும். சோழிங்கநல்லூர்ப் பக்கம் ஊர்ந்து செல்லும் மோட்டார் வண்டிகள் பலவற்றில் அமர்ந்திருப்பவர் ஒருவரே. அவ்வண்டிகள் விடும் புகைக்கு உரியவர் யாவர்? ஓட்டுபவரா, அவருக்கு வேலை தந்த கம்பெனியா? இதனை ஒருவாறு ஆராய்தலே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் புகையின் அளவை அறிதல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. அஃது எரிந்தால் வெளிப்படும் கரியமிலவாயுவோ சுமார் 2.3 கிலோ. எண்ணெயிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதால் எடை மிகுகின்றது. இவ்வாயு கண்ணுக்குப் புலனாகாது. பூமியினின்று எழும் வெப்பத்தை எளிதில் வெளியேற விடாது. அதன் ஒரு பகுதி பல நூறு ஆண்டுகள் வானிலேயே தங்கும்.

என் தமையனார் சோழிங்கநல்லூரில் ஓர் அலுவலகத்திற்குக் காரில் தனியே சென்று வந்தவர். போக வரப் பதினான்கு கிலோமீட்டர்; செலவு ஒரு லிட்டர். ஆண்டிற்கு 250 நாள் எனக் கொள்ளின் 575 கிலோ வாயு. அதே தொலைவிற்கு ஒரு பஸ் மூன்றரை லிட்டர் டீசல் செலவிடுமாயின், லிட்டருக்கு 2.7 கிலோவாக, ஏறத்தாழ 9.5 கிலோ வெளிவிடும். நாற்பது பேர் ஏறினால் ஆளுக்குக் கால் கிலோவும் இல்லை. காரில் தனியே செல்வதில் பத்தில் ஒரு பங்கே.

இக்கணக்கை அவரிடம் காட்டினேன். "தம்பி, பஸ் நிற்கும் இடத்திலிருந்து அலுவலகம் இரண்டு கிலோமீட்டர். கம்பெனி ஒரு பஸ் விட்டால் நாளைக்கே காரை நிறுத்திவிடுகிறேன்" என்றார். கம்பெனியோ, ஊழியர் எவ்வாறு வருகின்றனர் என்பது அவரவர் விருப்பம் என்று கருதுகின்றது. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டிற்கும் இடையே புகை உரியவரின்றி நிற்கின்றது.

உலகில் வழங்கும் கணக்குமுறை, ஒரு நிறுவனத்தால் விளையும் வாயுக்களை மூவகையாகப் பகுக்கும். தன் ஜெனரேட்டரிலும் வண்டியிலும் எரிப்பது முதல் வகை. விலைக்கு வாங்கும் மின்சாரத்தால் விளைவது இரண்டாவது. பிறர் வாயிலாக விளைவன மூன்றாவது. ஊழியர் வந்து போதலும் இதனுள் அடங்கும். 'செபி' எனும் பங்குச்சந்தை வாரியம் 2021இல் வகுத்த விதிப்படி, 2022-23 முதல், சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகள் முதலிரு வகைகளை வெளியிடுதல் கடமையாயிற்று. மூன்றாவதோ அவற்றின் விருப்பத்திற்கு விடப்பட்டது. தமையனாரின் 575 கிலோ போன்றவை அவ்விருப்பப் பகுதியிலேயே மறைந்துவிடுகின்றன.

ஒரே புகை இருவர் கணக்கிலும் ஏறலாமோ எனின், ஏறலாம். இது கடனைப் பங்கிடும் பட்டியல் அன்று. யார் யார் முயன்றால் புகை குறையும் எனக் காட்டும் பட்டியல்.

நம் அயலிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நீர் மூடிய அதன் சேற்றில் மட்கும் செடிகள், காற்றுப் படாமையால் தம் கரியை எளிதில் வானுக்கு விடுவதில்லை. கூலி வாங்காது நமக்கு உழைக்கும் அந்நிலம் தன் பழைய பரப்பிற் பெரும்பகுதியை இழந்துவிட்டது. இழந்த இடங்களிற் சாலைகளும் கட்டிடங்களும் எழுந்துள்ளன. எனவே, எஞ்சியதன்மேல் மேலும் சுமையேற்றுதல் முறையன்று.

இப்பொழுது தமையனார் தம் காரில் அண்டை வீட்டார் மூவரை ஏற்றிச் செல்கின்றார். ஆளுக்கு ஆண்டிற்கு 144 கிலோவே ஆகின்றது. மேடவாக்கத்திலிருந்து செல்லும் ஊழியர் முப்பத்தெண்மர் கையொப்பமிட்டுப் பஸ் வேண்டிக் கம்பெனிக்கு விண்ணப்பமும் எழுதியுள்ளனர். மறுமொழி இன்னும் வரவில்லை. தன் பங்கைச் செய்தபின் கேட்பவன் குரலுக்கு வலிமை உண்டு. நண்பர்களே, நாளைக் காலை நம் கல்லூரிக்கு நாம் எவ்வாறு வரப்போகின்றோம்?