ஒற்றை மரப்பாலமும் ஒன் வே டிக்கெட்டும்!

ஜூன் 7. சீனாவின் எந்த ஊராக இருந்தாலும் அன்றைக்குப் பரீட்சை ஹால் பக்கம் ஒரு சத்தம் வரக்கூடாது. பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் ஸ்டாப். ஹார்ன் அடித்தால் போலீஸ்காரர் முறைப்பார். ஆனால், லேட்டாகக் கிளம்பிய பையனைப் பார்த்தால் அதே போலீஸ்காரர் பைக்கில் ஏற்றிக்கொண்டு பறப்பார்! கேட்டுக்கு வெளியே அம்மாக்கள் கூட்டம். நிறையப் பேர் 'சிபாவ்' என்கிற பாரம்பரிய உடையில். 'கொடி விரிந்ததுமே வெற்றி' என்று பொருள்படும் சீனச் சொலவடை ஒன்று 'சி' என்ற ஒலியில்தான் ஆரம்பிக்கிறது. அதனால் இந்த டிரெஸ். சென்டிமென்ட் எல்லா ஊருக்கும் பொதுதானே!

அந்தப் பரீட்சையின் பெயர் 'காவ்காவ்'. (காக்கா கத்துற மாதிரி இருக்கேன்னு சிரிக்காதீங்க பாஸ்!) காலேஜில் நுழைய சீனாவின் ப்ளஸ் டூ மாணவர்கள் எழுதும் தேர்வு. 2024-ல் பதிவு செய்தவர்கள் மட்டும் 1 கோடியே 34 லட்சம் பேர். பெரும்பாலான மாகாணங்களில் மொத்த மார்க் 750. 'ஆயிரமாயிரம் வீரர்களும் குதிரைகளும் ஒற்றை மரப்பாலத்தில் ஆற்றைக் கடப்பது போல' என்பார்கள்.

அதே ஜூன் 7. அதே ஊர். அதே வயசுப் பெண் ஒருத்தி போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டு தூங்கிட்டு இருப்பாள். பரீட்சைக்குப் பயந்தா? இல்லீங்க. அந்தப் பாலத்தில் கால் வைக்கவே போறதில்லைன்னு அவள் முடிவு பண்ணி மூணு வருஷம் ஆச்சு. அவள் போகப்போவது டொரன்டோவோ, மான்செஸ்டரோ, பாஸ்டனோ!

பதினஞ்சு வயசில் ஒரு முடிவு

ஒன்பதாம் வகுப்பு முடிவில் சீனாவில் 'ஜோங்காவ்' என்று இன்னொரு பரீட்சை இருக்கிறது. நல்ல ஹைஸ்கூல் கிடைக்குமா, தொழிற்கல்விப் பள்ளிக்குப் போகணுமா என்பதை அதுதான் தீர்மானிக்கும். வீட்டில் பெரிய பேச்சுவார்த்தை நடப்பது அப்போதுதான். பெரிய நகரங்களின் பேர் போன அரசுப் பள்ளிகள் பலவற்றில் 'சர்வதேசப் பிரிவு' உண்டு. ஒரே காம்பவுண்ட், ஒரே கேன்டீன். ஒரு பில்டிங்கில் காவ்காவ் பாடம். எதிர் பில்டிங்கில் ஏ லெவல், ஏ.பி., ஐ.பி. போன்ற வெளிநாட்டுப் பாடத்திட்டம், இங்கிலீஷில். ஃபீஸும் எகிறும்.

எதிர் பில்டிங்கில் சேர்ந்துவிட்டால் திரும்பி வருவது ரொம்பக் கஷ்டம். காவ்காவுக்கு மற்றவர்கள் மூணு வருஷமாக ராத்திரி பத்து மணி வரை உருப்போட்டுக்கொண்டிருக்க, நடுவில் வந்து சேர்ந்தால் என்ன மார்க் வரும்? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் கதையெல்லாம் இங்கே செல்லாது.

வில்லன் பேரு கேலண்டர்!

'ரெண்டையும் எழுதிட்டா என்ன?' என்று நீங்க கேட்கலாம். அங்கேதான் சிக்கல். காவ்காவ் ரிசல்ட் வருவது ஜூன் கடைசியில். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கு ஜனவரி ஆரம்பத்திலேயே விண்ணப்பக் கெடு முடிந்துவிடும். பிரிட்டனின் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜுக்கு இன்னும் முன்னாடி, அக்டோபர் 15. ஆக, காவ்காவ் எழுதுகிறவன் மும்முரமாக ரிவிஷன் பண்ணுகிற நேரத்தில், வெளிநாடு போகிறவள் கட்டுரை, பரிந்துரைக் கடிதம், டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ்., சாட் என்று ஓடிக்கொண்டிருப்பாள். ஒரே ஆள் ரெண்டு ஓட்டமும் ஓடணும்னா உடம்பு தாங்காது.

சாட் தேர்வில் இன்னொரு கூத்து. சீனாவின் பெருநிலத்தில் அனுமதி பெற்ற சில சர்வதேசப் பள்ளிகள் தவிர மற்ற மாணவர்களுக்கு அந்தத் தேர்வே கிடையாது. ஹாங்காங், மக்காவ், சிங்கப்பூர் என்று கிளம்பணும். ஹாங்காங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கண்காட்சி அரங்கில் ஆயிரக்கணக்கான சீன மாணவர்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்து எழுதியதுண்டு. அப்பாவும் அம்மாவும் கூட வர, ஹோட்டல் ரூம் போட்டு ஒரு பரீட்சை! கஷ்டப்பட்டு எழுதியும் நிம்மதி இல்லை. 2014 அக்டோபரில் வினாத்தாள் கசிந்ததாகப் புகார் வர, சீனா, தென்கொரியா மாணவர்களின் ரிசல்ட்டை நிறுத்தி வைத்தார்கள். தப்பு பண்ணாதவர்களும் சேர்ந்தே காத்திருந்தார்கள்.

கட்டுரையை எழுதியது யாரு?

இந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றியது ஒரு புத்தகம். செங்டு நகரத்துப் பெண் லியு யிடிங் 1999-ல் ஹார்வர்டில் இடம் பிடித்தார். 'ஹார்வர்ட் பெண் லியு யிடிங்' என்று அவரை வளர்த்த கதையைப் பெற்றோர் 2000-ல் புத்தகமாகப் போட, பரபரவென்று விற்றது. மன உறுதிக்காகச் சின்ன வயசிலேயே கையில் ஐஸ் கட்டியைப் பிடிக்க வைத்தார்களாம்! அப்புறம் எத்தனை வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் காலியாச்சோ!

ஐஸ் பிடித்தால் மட்டும் ஸீட் கிடைக்காதே. அமெரிக்கக் கல்லூரிகள் 'நீ யார்?' என்று கட்டுரை கேட்கும். வகுப்பு ஆசிரியரின் கடிதம் கேட்கும். ஐம்பது பேர் உள்ள வகுப்பில் கணக்கு வாத்தியார் இங்கிலீஷில் கடிதம் எழுதுவாரா? இங்கேதான் ஏஜென்ட் வருகிறார். சிலர் நேர்மையாக வழிகாட்டுகிறார்கள். சிலர் கட்டுரையையே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். இதன் உச்சக்கட்டம், 2019-ல் அமெரிக்காவில் வெடித்த அட்மிஷன் ஊழல். ஒரு சீனக் குடும்பம் இடைத்தரகருக்குக் கொடுத்தது 65 லட்சம் டாலர் என்று தெரிந்து உலகமே வாயைப் பிளந்தது.

நடுவில் சில வழிகள்

பாலத்தையும் கடக்கணும், வெளிநாட்டுப் படிப்பும் வேணும் என்கிறவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறந்திருக்கிறது. காவ்காவ் மார்க்கை வைத்தே சேர்த்துக்கொள்வதாக ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகம் 2012-லும், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் 2018-லும், பிரிட்டனின் பர்மிங்ஹாம் 2019-லும் அறிவித்தன. மார்க் போதாதவர்களுக்கு ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்று ஒரு வருஷம் அங்கேயே படித்துவிட்டு டிகிரியில் சேரலாம்.

பாஸ்போர்ட்டே வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் 2004-லேயே நிங்போவில் கேம்பஸ் திறந்துவிட்டது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஷாங்காய் கேம்பஸில் முதல் பேட்ச் சேர்ந்தது 2013-ல். அங்கே சேர சீன மாணவர்கள் காவ்காவும் எழுதணும், நேரில் வந்து திறமையும் காட்டணும்.

ஆமையா, கடல்பாசியா?

வெளிநாட்டில் படித்துத் திரும்புகிறவர்களுக்குச் சீனாவில் 'ஹாய்குய்' என்று செல்லப்பெயர். அதே உச்சரிப்பில் கடல் ஆமை என்றும் அர்த்தம் வரும். ஒரு காலத்தில் ஆமை வந்து இறங்கினாலே வேலை ரெடி. ஆமைகள் பெருகியதும் வேலை கிடைக்காமல் காத்திருக்கிறவர்களை 'கடல்பாசி' என்று கலாய்க்க ஆரம்பித்துவிட்டார்கள்!

கணக்கும் மாறியிருக்கிறது. 2019-20-ல் அமெரிக்காவில் 3 லட்சத்து 72 ஆயிரம் சீன மாணவர்கள். 2023-24-ல் அது 2 லட்சத்து 77 ஆயிரமாக இறங்க, நம்ம இந்தியா 3 லட்சத்து 31 ஆயிரத்தோடு முந்தியது. ஆனால், காலரைத் தூக்கி விட்டுக்காதீங்க. நம்ம ஆளுங்க பெரும்பாலும் டிகிரி முடிச்சுட்டு எம்.எஸ். படிக்கப் போறவங்க. இளநிலைப் படிப்பில் அந்த வருஷமும் சீனர்கள் நம்மைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

2025 மே மாதம் சீன மாணவர்களின் விசாவை ரத்து செய்யப்போவதாக அமெரிக்க அரசு அறிவித்தது. ஆகஸ்ட்டில் ஜனாதிபதி ட்ரம்ப் 'ஆறு லட்சம் சீன மாணவர்கள் வரலாம்' என்றார். பெரியவர்கள் மூணே மாசத்தில் பேச்சை மாற்றிக்கொள்ளலாம். ஆனால், மூணு வருஷத்துக்கு முன்னாடியே காவ்காவை விட்டுவிட்டு, அப்பா அம்மாவின் சேமிப்பை எல்லாம் ஒரே டிக்கெட்டில் கட்டிய அந்தப் பெண் என்ன செய்வாள்? அநேகமாக வீட்டுக்கு அவள் ஒரே பிள்ளை வேறு.

பதினஞ்சு வயசில் நாம எடுத்த பெரிய முடிவு என்ன ஃப்ரெண்ட்ஸ்? ஃபர்ஸ்ட் குரூப்பா, காமர்ஸா? தப்பா எடுத்திருந்தாலும் காலேஜ் வந்து சமாளிச்சுட்டோம். அவளோட டிக்கெட்டில் ரிட்டர்ன் கிடையாது. நாளைக்கு உங்க காலேஜுக்கோ, நீங்க போற யுனிவர்சிட்டிக்கோ ஒரு சீனப் பொண்ணு வந்தா, 'ரொம்ப வசதியான வீடு போல'ன்னு முடிவு கட்டிடாதீங்க. முதல்ல ஒரு 'ஹாய்' சொல்லுங்க!