நாண், இளிவரல், மானம்: செவ்வியல் தமிழில் வெட்கப் பொருட்புலச் சொற்களின் பொருள் வேறுபாடு

ஆய்வுச்சுருக்கம்

இன்றைய தமிழில் ‘வெட்கம்’ என்னும் ஒரு சொல் ஏற்றிருக்கும் பொருட்பரப்பைச் செவ்வியல் தமிழ் நாண், இளிவரல், மானம் முதலிய பல சொற்களால் பகுத்து உணர்த்தியது. இச்சொற்கள் ஒன்றற்கொன்று மாற்றாக வழங்கக்கூடிய ஒருபொருட் பன்மொழிகள் அல்ல என்பதைத் தொல்காப்பியம், திருக்குறள், சங்கப் பாடல்கள் ஆகியவற்றின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது. தீர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதே இச்சொற்களைப் பிரிக்கும் முதன்மை அளவுகோல் என்பதும், ‘நாணம்’ என்னும் சொல்லின் பிற்காலப் பொருட்சுருக்கம் செவ்வியல் நூல்களைப் பிழைபடப் படிக்க இடமளிக்கிறது என்பதும் இதன் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: நாண், இளிவரல், மானம், வெட்கம், மெய்ப்பாடு, நாணுடைமை, பொருட்சுருக்கம்.

முன்னுரை

தமிழும் பிரெஞ்சும் நெடுங்காலம் அருகருகே வழங்கிய நகரம் புதுச்சேரி. மூசே, துப்புயி ஆகிய மறைப்பணியாளர்கள் தொகுத்த தமிழ் – பிரெஞ்சு அகராதியின் இரு தொகுதிகளும் 1855, 1862 ஆகிய ஆண்டுகளில் இந்நகரிலிருந்தே வெளிவந்தன. 1955இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1968இல் பிரான்சுவா குரோவின் பரிபாடல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வெளியிட்டது. காமத்துப்பாலையும் குரோ பிரெஞ்சில் பெயர்த்துள்ளார். அது 1992இல் வெளிவந்தது.

இத்தகைய மொழிபெயர்ப்புச் சூழலில் ‘நாண்’ என்னும் சொல் ஒரு சிக்கலை முன்வைக்கிறது. பிரெஞ்சில் வெட்கத்தைக் குறிக்க ‘ஓந்த்’, ‘ப்யுதேர்’ என இரு சொற்கள் உள்ளன. முன்னது தகாதது நிகழ்ந்தபின் அல்லது இழிவு நேர்ந்தபின் எழும் உணர்வு. பின்னது தகாததை அணுகவிடாமல் முன்கூட்டியே தடுக்கும் உள்ளடக்கம். எனவே தமிழ்ச் செய்யுளில் ‘நாண்’ வருமிடந்தோறும் மொழிபெயர்ப்பாளர் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். இக்காலத் தமிழில் உரை எழுதுவோர்க்கு அக்கட்டாயம் இல்லை. ‘வெட்கம்’ என்று எழுதிவிட்டுக் கடந்துவிட இயலும். அவ்வாறு கடக்கும்போது இழக்கப்படுவது எது என்பதே இங்கு எழும் வினா.

தொல்காப்பியர் செய்த பகுப்பு

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. இவற்றுள் இளிவரலுக்கு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கு நிலைக்களன்கள் சொல்லப்படுகின்றன. மென்மை என்பது வறுமையைக் குறிக்கும் என்பது உரைமரபு. இந்நான்கினுள் எதுவும் ஒருவர் செய்த குற்றம் அன்று. முதுமையும் நோயும் வறுமையும் ஒருவர்மேல் வந்து சேர்பவை. எனவே இளிவரல் என்பது குற்றவுணர்வைக் குறிப்பதாகாது. தன் நிலை தாழ்ந்தது என்பதை உணர்வதால் எழும் குன்றல் அது.

எட்டு மெய்ப்பாடுகளை விளக்கியபின், தொல்காப்பியர் வேறு முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளையும் தொகுத்துரைக்கிறார். அத்தொகுப்பில் ‘நாணுதல்’ தனியே இடம்பெறுகிறது. நாணுதலும் இளிவரலும் ஒன்றாயின், ஒரே இயலில் அவை இரு வேறு வரிசைகளில் வைக்கப்பட வேண்டியதில்லை. வடமொழி நாட்டிய சாத்திரத்திலும் இதனோடு ஒப்பிடத்தக்க அமைப்பு காணப்படுகிறது. அங்கு ‘சுகுப்சை’ எட்டு நிலைப்பாவங்களுள் ஒன்று. நாணத்தைக் குறிக்கும் ‘விரீடை’ முப்பத்து மூன்று துணைப்பாவங்களுள் ஒன்று. எனினும் சுகுப்சை அருவருப்பை மையமாகக் கொண்டது. இளிவரலோ நிலைத்தாழ்வை மையமாகக் கொண்டது. ஆதலின் அமைப்பு ஒத்திருப்பதைக் கொண்டு இரு சொற்களையும் ஒன்றெனக் கொள்வது பொருந்தாது.

களவியலில் ‘நாண்’ வேறொரு சூழலில் வருகிறது. அச்சம், நாண், மடன் ஆகிய மூன்றும் பெண்பாற்கு உரியனவாகக் கூறப்படுகின்றன. உயிரைவிட நாணும், நாணைவிடக் கற்பும் சிறந்தன எனப்படுகின்றன. பிற்காலத்தில் ‘நாணம்’ பெண்ணியல்பாக மட்டும் சுருங்குவதற்கு இவ்வகப்பொருள் மரபு அடித்தளமாக இருந்திருக்கலாம். ஆயினும் செவ்வியல் நூல்களில் இச்சொல்லின் முழுப்பொருள் இதுவன்று.

திருக்குறளில் நாண்

நாணுடைமை என்னும் 102ஆம் அதிகாரம் பொருட்பாலில் அமைந்துள்ளது. அதன் முதற்குறளே (1011) ஒரு சொல் வேறுபாட்டு ஆய்வாக உள்ளது. தகாத செயல் காரணமாக நாணுதலே நாண் என்றும், மகளிரிடம் காணப்படும் நாண் வேறு என்றும் அது பிரிக்கிறது. பரிமேலழகர் பின்னதை மனம், மொழி, மெய் ஆகியவற்றின் ஒடுக்கத்தால் வருவதாக விளக்குவார். ஒரே சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு என்பதையும், தாம் பேசப்போவது அவற்றுள் எது என்பதையும் வள்ளுவர் அதிகாரத்தின் வாயிலிலேயே வரையறுத்துவிடுகிறார்.

இந்நாண் ஒரு பொதுவாழ்வுத் தகுதியாகவும் கொள்ளப்படுகிறது. ஒருவரைத் தெளிந்து வினைக்குத் தேர்ந்தெடுப்பதைப் பேசும் அதிகாரத்தில், பழி வருமோ என அஞ்சும் நாணுடையவனே நம்புதற்குரியவன் எனப்படுகிறது (502). சான்றாண்மையைத் தாங்கும் ஐந்து தூண்களுள் நாணும் ஒன்று (983). பழி நாணுவோர் தினையளவு குற்றத்தையும் பனையளவாகக் கருதுவர் (433). காமத்துப்பாலில் மடலேறத் துணியும் ஆண்மகன், நாணும் நல்லாண்மையும் முன்பு தன்னிடம் இருந்ததாகக் கூறுகிறான் (1133). நாண் பெண்பாலுக்கே உரியதாயின் இக்கூற்றுக்குப் பொருளில்லை.

நாணுக்குக் கையாளப்படும் உருவகங்களும் கருதத்தக்கவை. திருக்குறளில் அது வேலியாகவும் (1016), நிறை என்னும் கதவில் இட்ட தாழாகவும் (1251), காமப் பெருவெள்ளத்தில் ஆண்மையோடு சேர்ந்த புணையாகவும் (1134) வருகிறது. குறுந்தொகையின் 149ஆம் பாடலில் வெள்ளிவீதியார், கரும்புக்கு இட்ட சிறு மணற்கரை பெருகிவரும் நீரால் நெருக்குண்டு கரைவதை நாண் அழிவதற்கு உவமையாக்குகிறார். வேலி, தாழ், புணை, கரை ஆகிய யாவும் காப்பவை. தீங்கு வருமுன் அமைந்திருந்தாலன்றி அவற்றால் பயனில்லை. செயலுக்கு முன்பே உள்ளத்தில் இருக்கும் காப்பாக நாணைக் கருதிய மரபை இவ்வுருவகங்கள் காட்டுகின்றன.

மானமும் இளிவரலும்

மானம் என்னும் 97ஆம் அதிகாரத்தின் உவமைகள் இதற்கு மாறானவை. நிலையிலிருந்து தாழ்ந்தோர் தலையிலிருந்து உதிர்ந்த மயிருக்கு ஒப்பாவர் (964). மானமுடையோர் மயிர் நீங்கின் வாழாத கவரிமாவை ஒப்பர் (969). இங்குப் பேசப்படுவன இழப்பும் வீழ்ச்சியுமே. இவ்வதிகாரத்தின் இறுதிக்குறள் (970) இளி, மானம் என்னும் இரு சொற்களையும் ஒருங்கே ஆள்கிறது. இளி வருமாயின் உயிர்வாழாத மானமுடையோரின் புகழை உலகம் போற்றும் என்பது அதன் கருத்து. இளி என்பது வந்து சேர்வது. மானம் என்பது அது வரும்போது இடருக்குள்ளாகும் மதிப்பு. எனவே இவ்விரு சொற்களும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களைக் குறிப்பன.

இரவச்சத்தைப் பேசும் அதிகாரமும் இதனை உறுதிசெய்கிறது. பசுவுக்குத் தண்ணீர் வேண்டுமென்று இரந்தாலும் நாவுக்கு அதனினும் இளிவந்தது இல்லை என்கிறது ஒரு குறள் (1066). பசுவின் விடாய் தணிக்க விரும்புவது அறச்செயலே. நோக்கம் நல்லதாயினும் இரக்கும் நிலை தாழ்வைத் தருகிறது. இளிவரல் செயலின் அறத்தன்மையைச் சாராமல் நிலையைச் சார்ந்தது என்பதற்கு இது தெளிவான சான்று.

காலம் மட்டும் அளவுகோலாகுமா?

இதுவரை கூறியவற்றிலிருந்து, நாண் செயலுக்கு முற்பட்டது, இளிவரல் நிகழ்வுக்குப் பிற்பட்டது என்னும் முடிவுக்கு வரத் தோன்றும். புறநானூற்றின் 65, 66ஆம் பாடல்கள் இம்முடிவுக்குத் தடையாக உள்ளன. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான் என்று கழாத்தலையாரும் வெண்ணிக் குயத்தியாரும் பாடுகின்றனர். இங்கு நாண் நிகழ்வுக்குப் பின்னரே எழுகிறது.

ஆனால் இப்பாடல்களில் சேரனை உலகம் இகழவில்லை. கரிகாலனை நோக்கிப் பாடும் குயத்தியார், வென்ற அவனைவிட வடக்கிருந்த சேரன் நல்லவன் அல்லனோ என வினவுகிறார். சேரன் உலகில் மிக்க புகழ் எய்தியதாகவும் கூறுகிறார். பிறர் புகழும்போதும் அவன் நாணுகிறான். தன்னைப் பற்றிய தீர்ப்பை அவனே வழங்கிக்கொள்கிறான் என்பதால் இங்கு ‘நாணி’ என்னும் சொல் பொருந்துகிறது. எனவே காலத்தைவிடத் தீர்ப்பின் மூலமே இச்சொற்களைப் பிரிக்கும் உறுதியான அளவுகோலாகிறது. நாணில் நாணுபவரே நடுவர். இளிவரலில் நிலை தாழ்ந்ததை அளப்பது உலகின் மதிப்பீடு.

நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக்குறள் (1020) இதற்கு அரண் செய்கிறது. அகத்தில் நாண் இல்லாதோர் இயங்குவது, மரப்பாவை நாண் என்னும் கயிற்றால் இயங்கி உயிருள்ளதுபோல் மயக்குவதற்கு ஒப்பாகும். கயிறு, உணர்வு என்னும் நாணின் இரு பொருள்களும் இங்கு எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன. அகத்து நாண் இல்லாதவரைப் புறத்து நாணே ஆட்டுவிக்கிறது.

பழி என்பது பிறர் கூறுவதாயிற்றே, பழிக்கு நாணுவது பிறர் தீர்ப்புக்கு உட்படுவது ஆகாதா என்னும் ஐயம் எழலாம். தம்மேல் வரும் பழிக்கு மட்டுமன்றிப் பிறர்மேல் வரும் பழிக்கும் நாணுவோரையே நாணின் உறைவிடம் என வள்ளுவர் கூறுகிறார் (1015). தன்னைச் சுட்டாத பழிக்கும் ஒருவர் நாணுவாராயின், அங்குச் செயல்படுவது தன் மதிப்பைக் காக்கும் அச்சமன்று. உலகின் அளவுகோல் உள்ளத்தின் அளவுகோலாகவே மாறிவிட்டது. பாலி மொழிப் பௌத்த நூல்கள் ‘ஹிரி’ என்னும் உள்நாணையும் ‘ஒத்தப்ப’ என்னும் பழியச்சத்தையும் இணையாக வைத்து வேறுபடுத்துவது இதனோடு ஒப்பிடத்தக்கது.

சீனச் செவ்வியல் மரபிலும் இத்தகைய பகுப்பு உண்டு. கன்பூசியசின் உரைத்தொகுப்பு, தண்டனையால் ஆளப்படும் மக்கள் தண்டனைக்குத் தப்ப முயல்வரேயன்றி ‘ச்சி’ என்னும் நாணைப் பெறமாட்டார் என்றும், நற்பண்பாலும் சடங்கொழுங்காலும் ஆளப்படுவோர் அதனைப் பெறுவர் என்றும் கூறுகிறது. பிறரால் சுமத்தப்படும் அவமதிப்பைக் குறிக்க அம்மொழியில் ‘ரூ’ என்னும் வேறொரு சொல் உண்டு. நாணின்மையை மென்சியசு அறத்தின் குறைபாடாகக் கண்டதும், வள்ளுவர் நாணை மாந்தரின் சிறப்பாகக் கண்டதும் (1012) ஒரு நிலையில் சந்திக்கின்றன.

பொருட்சுருக்கமும் அதன் விளைவும்

இன்றைய வழக்கில் ‘நாணம்’ பெரும்பாலும் மணப்பெண்ணின் ஒடுக்கத்தையே நினைவூட்டுகிறது. ‘வெள்கு’ என்னும் வினையோடு உறவுடைய ‘வெட்கம்’ எஞ்சிய பரப்பை எடுத்துக்கொண்டது. பிறர் முன் பாடத் தயங்கும் சிறுவனுக்கும், கையூட்டுப் பெற்றுப் பிடிபட்ட அலுவலருக்கும் அச்சொல்லே ஆளப்படுகிறது. கண் கூசுதல், பல் கூசுதல் என உடலுணர்வைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த ‘கூச்சம்’ தயக்கத்தைக் குறிக்கிறது. ‘சூடு சொரணை’ என்னும் பேச்சுவழக்கு இணைச்சொல்லே, அகத்தே இருந்து தடுக்கும் உணர்வு என்னும் பழைய நாணின் பொருளுக்கு இன்று மிக அருகில் நிற்கிறது.

இச்சுருக்கம் இலக்கிய விளக்கத்தைப் பாதிக்கிறது. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார், ‘புதுமைப் பெண்’ பாட்டில் நாணத்தையும் அச்சத்தையும் நாய்களுக்கு உரியவை என ஒதுக்குகிறார். ‘நாண்’ ஒருபொருட் சொல் எனக் கொண்டால், நாணை மாந்தரின் சிறப்பெனக் கூறும் வள்ளுவரைப் பாரதியார் மறுத்ததாக முடியும். ஆனால் பாரதியார் நாணத்தை அச்சத்தோடு சேர்த்தே தள்ளுகிறார். அவர் மறுப்பது களவியல் சுட்டிய பெண்பால் அடக்கத்தின் நாணை. வள்ளுவர் போற்றுவது செயலின் தகவு நோக்கிய நாணை. இவை வெவ்வேறு என்பதை 1011ஆம் குறள் முன்பே கூறிவிட்டது. ஆகவே இருவருக்கும் இடையே முரண் இல்லை.

முடிவுரை

சான்றாண்மை அதிகாரத்தின் இரு குறள்கள் இவ்வாய்வின் முடிவைத் தொகுத்துக் காட்டப் போதியவை. நாண் சால்பின் தூண்களுள் ஒன்று (983). சால்பு என்னும் உறுதி உண்டாகப் பெற்றால் வறுமை ஒருவருக்கு இளிவு ஆகாது (988). தொல்காப்பியர் இளிவரலின் களனாகக் கூறிய வறுமையை, நாண் தாங்கும் சால்பு வலுவிழக்கச் செய்கிறது. நாணும் இளிவும் ஒரே பொருளுடையனவாயின் ஒன்று மற்றொன்றைத் தடுத்தல் இயலாது.

எனவே அகராதி, சொல்லடைவு, மின்தரவு ஆகியவற்றை உருவாக்குவோர் இச்சொற்களுக்கு ‘வெட்கம்’ என ஒரே பொருள் தருவதைத் தவிர்த்தல் வேண்டும். தீர்ப்பு அகத்ததா புறத்ததா, அது செயல் பற்றியதா நிலை பற்றியதா, பொதுவான அறம் பற்றியதா பால்சார்ந்த ஒழுக்கம் பற்றியதா என்னும் மூன்று வினாக்களை ஒவ்வோர் இடத்திலும் எழுப்பிப் பொருள் காண்பது தக்கது. வகுப்பறையில் நாணுடைமை அதிகாரத்தை 1011ஆம் குறளின் சொற்பகுப்பிலிருந்து தொடங்கிக் கற்பித்தால், அது பொதுப்பணியில் இருக்கும் எவரும் தம்மை அளந்துகொள்ளத்தக்க அதிகாரமாக மாணவர்க்கு விளங்கும்.