ஹானிபல்: கொடி மாறிய கப்பல்

பாய்மரக் கப்பல் காலத்தில் தோற்ற போர்க்கப்பலை மூழ்கடிப்பதைவிடப் பிடிப்பதுதான் லாபம். ஓக் மரத்தில் கட்டிய உடல், பாய்மரம், கயிறு, பீரங்கி, வெடிமருந்து எல்லாமே வென்றவர்கள் கைக்கு வந்துவிடும். கொடியை இறக்கிய கப்பலின் மாலுமிகளைக் கைதிகளாக இறக்கிவிட்டு, சொந்த ஆட்களை ஏற்றுவார்கள். ஐரோப்பாவில் என்றால் நீதிமன்றம் அதை முறையான பரிசு என்று தீர்ப்பளிக்கும். விற்ற பணத்தில் அதிகாரியிலிருந்து சாதாரண மாலுமி வரைக்கும் பங்கு உண்டு.

நம் கடற்கரையில் அதற்கெல்லாம் நேரமில்லை. 1779இல் இங்கிலாந்தில் கட்டிய ஹானிபல், ஆங்கிலேயரின் 50 பீரங்கிப் போர்க்கப்பல். 1782 ஜனவரியில் இந்தியப் பெருங்கடலில் தனியாக வந்தபோது பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. அதே பெயரில் 74 பீரங்கிக் கப்பல் ஒன்று அவர்களிடம் ஏற்கெனவே இருந்ததால் இதைச் 'சின்ன ஹானிபல்' என்றே அழைத்தார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினம் கடலில், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானின் 12 கப்பல் வரிசையில் நின்று, அது முன்பு சேர்ந்திருந்த நாட்டின் கப்பல்களையே எதிர்த்தது.

அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. பிரெஞ்சுக்காரர்களின் பாண்டிச்சேரி 1778லேயே ஆங்கிலேயரிடம் பறிபோயிருந்தது. சுஃப்ரானுக்கு இந்தக் கரையில் பழுது பார்க்க ஒரு துறைமுகம்கூட இல்லை. ஆங்கிலேயத் தளபதி ஹியூஸுக்கு மெட்ராஸ் இருந்தது, பம்பாயில் கப்பல் தளமும் இருந்தது. பிறகு ஹியூஸோடு நடந்த நாகப்பட்டினம் போரில் பாய்மரங்கள் முறிந்தபின், பிரெஞ்சுக்காரர்கள் கடலூரில் வீடுகளை இடித்து மரம் எடுக்கும் நிலைக்கு வந்தார்கள். அப்படிப்பட்ட கரையில் முழுதாகக் கிடைத்த ஒரு கப்பலின் அருமையைச் சொல்லவே வேண்டாம். ஆள் பற்றாக்குறை அதைவிட மோசம். 1783 ஜூன் 20 அன்று கடலூர்ச் சண்டைக்குக் கரைப்படையிலிருந்து 1,200 பேரைக் கப்பல்களில் ஏற்றினார் சுஃப்ரான். அவர்களில் பாதிப் பேர் இந்தியச் சிப்பாய்கள். சின்ன ஹானிபலும் அந்த வரிசையில் இருந்தது.

கப்பலுக்கு வேலை கிடைத்துவிட்டது. அதில் வந்தவர்கள் கதிதான் என் மனதை விட்டு அகலவில்லை. கைதிகளுக்குச் சோறு போடவும் முடியாமல், பரிமாற்றத்துக்கு ஆங்கிலேயரும் இணங்காமல், 1782இல் சுஃப்ரான் அவர்களைத் தன் கூட்டாளியான மைசூரின் ஹைதர் அலியிடம் ஒப்படைத்தார். ஆங்கிலேயர் அதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கக்கூடிய செயலும் அல்ல. ஹானிபலில் இருந்த ஜேம்ஸ் ஸ்கரி அப்போது பதின்வயதுப் பையன். பத்து ஆண்டுகள் மைசூர் அரசின் சிறையிருப்பில் கழித்துத் தப்பினார். அவர் சொன்ன கதை 1824இல் புத்தகமாக வந்தது.

அந்தக் கைதிகளை வாங்கிக்கொண்ட ஹைதர் தேனிப் பக்கத்துக்கும் அந்நியர் அல்ல. 1755இல் திண்டுக்கல் ஃபௌஜ்தாராக (படை அதிகாரியாக) வந்துதான் தனக்கென ஒரு படையைத் திரட்டினார். போடியும் கம்பம் பள்ளத்தாக்குப் பாளையங்களும் சேர்ந்தது அந்தத் திண்டுக்கல் சீமை. ஸ்கரி தப்பியது மூன்றாம் மைசூர்ப் போர்க் காலத்தில்; அதே போரின் முடிவில், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, ஹைதரின் மகன் திப்பு அந்தச் சீமையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார்.