ஜனாதிபதியைக் கலங்கவைத்த படம்

கணிப்பொறிக்குள் அத்துமீறி நுழைவோரை நாயகராக்கும் சாகஸப் படங்களில், விசைப்பலகையை நான்கு முறை தட்டியதும் நகரமே இருளில் மூழ்கும் விநோதங்கள் மலிந்திருக்க, 1983-இல் ஜான் பாதம் இயக்கிய ‘வார்கேம்ஸ்’ என்னும் அமெரிக்கப் படமோ, அத்தகைய ஆர்ப்பாட்டம் அதிகமின்றியே ஒரு ராஜாங்கத்தை விழித்தெழச் செய்தது.

அதன் நாயகனான பள்ளி மாணவன், தண்டனைக்காக அலுவலக அறைக்கு அனுப்பப்படும் சந்தர்ப்பத்தில், அங்கே மேஜையில் எழுதி வைத்திருக்கும் ‘பென்சில்’ என்ற கடவுச்சொல்லைக் கண்டுகொண்டு, வீட்டிலிருந்தபடியே மதிப்பெண்ணைத் திருத்திவிடுகிறான். (பிழை யந்திரத்தினுடையதன்று, மேஜைக்குரியவருடையது!) பின்னர், புதிய விளையாட்டுகளை நாடி, கலிபோர்னியாவின் ஸன்னிவேல் ஊர்த் தொலைபேசி எண்களை வரிசையாக அழைக்குமாறு தன் கணிப்பொறியை ஏவி, மறுமுனையில் வேறொரு கணிப்பொறி பதிலளிக்கும் எண்களை மட்டும் சேகரிக்கையில், அணுப்போரையே நடத்தவல்ல ராணுவ யந்திரத்தின் வாசலில் போய் நிற்கிறான்.

அவ்வாண்டு ஜூன் மாதம் கேம்ப் டேவிடில் இப்படத்தைக் கண்ட ஜனாதிபதி ரீகன், இது மெய்யாகவே நிகழக்கூடுமா என்று முப்படைத் தளபதிகளின் தலைவர் ஜான் வெஸ்ஸியை வினவ, ஒரு வாரத்துக்குப்பின் கிடைத்த விடை, நிலைமை நினைத்ததைவிட மிக மோசம் என்பதே. அதன் தொடர்ச்சியாக, அரசாங்கக் கணிப்பொறிகளின் பாதுகாப்புக்கான ஜனாதிபதி உத்தரவொன்று 1984 செப்டம்பரில் கையெழுத்தாயிற்று.

யந்திரம் மனிதனைப்போல் வாதிக்கும் பின்பாதி வெறும் கற்பனைதான். முன்பாதிக்காகவே இப்படத்தை ஒருமுறை பார்க்கலாம்.