கொடி ஏறும் கரை, தறி நின்ற வீடு
கடல் காத்தவர்கள் – 9

ஜமாதுல் ஆகிர் தலைப்பிறை தென்பட்டுவிட்டால் கல்முனைக்குடிக்குக் களை வந்துவிடும். அன்று தொடங்கிப் பன்னிரண்டு நாட்கள் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பேரில் கொடியேற்றம். நகரத்துப் பெரிய பள்ளிவாசலிலிருந்து கொடி ஊர்வலமாகப் புறப்படும். பக்கீர் ஜமாஅத்தினர் றபான் தட்டி முன்னே செல்ல, ஸலவாத்து முழங்க, கொடி கடலை நோக்கிப் போகும். அஸர் தொழுகைக்குப் பின் மினாராவில் ஏறியதும் வாடைக் காற்று அதைப் பிடித்துக்கொள்ளும்.

பிறகு இரவுதோறும் மௌலூது, ராதிப். வெளியே மணலில் மிட்டாய்க் கடை, வளையல் கடை, பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். நேர்ச்சை வைத்தவர்கள் மட்டக்களப்புப் பக்கமிருந்தும் வருவார்கள்; அவர்களில் இந்துக்களும் உண்டு. நிறைவு நாளில் கிடாரங்களில் வெந்த கந்தூரிச் சோறு எல்லோருக்கும் போகும்.

ஆண்டகையின் கப்று இங்கே இல்லை. அவர் அடங்கியிருப்பது பாக்கு நீரிணைக்கு அப்பால், நாகூரில். வட இந்தியாவின் மாணிக்கப்பூரில் பிறந்து, ஊர் ஊராகப் பயணித்து, ஹிஜ்ரி 978இல், அதாவது 1570இல், அங்கே மறைந்தார். கல்முனையில் இருப்பது நினைவிடம். நோயாளி ஒருவர் ஊரைவிட்டு விலகி இந்தக் கரையில் கிடந்தபோது பெரியார் கனவில் தோன்றிக் குணமாக்கினார் என்பது ஊர்க் கதை. இருநூறு ஆண்டுகளைக் கடந்துவிட்ட கொடியேற்றம் அந்தக் கதையிலிருந்துதான் தொடங்குகிறது. நாகூரில் சொல்லும் கதையோ கப்பலைப் பற்றியது. நடுக்கடலில் ஓட்டை விழுந்து கப்பல் மூழ்கும் நேரம். முகம் மழித்துக்கொண்டிருந்த பெரியார் கையிலிருந்த கண்ணாடியை வீசினார். அது போய் ஓட்டையை அடைத்தது. இன்றும் நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்குக் கொடி வருவது கப்பல் வடிவ ரதங்களில்தான்.

இதே போன்ற கதையொன்று சீனத்தின் ஃபூஜியன் கரையிலும் உண்டு. மெய்ச்சோ தீவில் 960ஆம் ஆண்டு பிறந்த லின் குலத்துப் பெண்ணைப் பற்றியது அது. தறி நெய்யும் மருதமுனைக்காரர்களுக்கு இந்தக் கதை சட்டென்று பிடிபடும், ஏனென்றால் அது நடப்பது தறியில். நெய்துகொண்டிருந்த அந்தப் பெண் கண் மூடி அசைவற்றுப் போகிறாள். அந்நேரம் தகப்பனும் சகோதரர்களும் புயலில் சிக்கியிருக்கிறார்கள். அவள் உயிர் அங்கே போய் அவர்களைப் பிடித்து இழுக்கிறது. பதறிய தாய் அவளை உலுக்கி எழுப்பிவிட, பிடி நழுவி ஒருவர் கடலோடு போகிறார். இளம் வயதிலேயே மறைந்த அவளைக் கடலோடிகள் மாட்சு என்ற பெயரில் தெய்வமாகக் கொண்டாடத் தொடங்கினார்கள்.

அவள் பிறந்தநாள் சீன நாட்காட்டியின் மூன்றாம் மாதம் 23ஆம் நாள். அது எந்த ஆண்டும் வசந்தத்தை விட்டு விலகாது. சந்திர மாதங்களைக் கணக்கிட்டாலும் பத்தொன்பது ஆண்டுக்கு ஏழு மாதங்களைக் கூடுதலாகச் சேர்த்து, பருவத்தோடு ஒட்ட வைத்துவிடுவது சீனர் வழக்கம். ஹிஜ்ரிக் கணக்கில் அந்தச் சேர்க்கை இல்லை. அதனால் கல்முனைக் கொடியேற்றம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து, மாரியிலும் கோடையிலும் மாறி மாறி வரும். இப்போது சில ஆண்டுகளாக அது விழுவது மாரியில், கடல் கொந்தளிக்கும் காலத்தில்.

மாட்சு விழாவுக்குப் பல ஊர்க் கோயில்களும் தங்கள் சிலைகளை மெய்ச்சோவின் தாய்க் கோயிலுக்குச் சுமந்து வருகின்றன. ஊதுபத்தி, பூ, பட்டாசு. தீவுப் பெண்கள் கூந்தலைப் பாய்மரப் பாய் போல முடிந்துகொள்வது அங்கே பழைய வழக்கம். தைவானின் தாஜியா ஊரிலிருந்து கிளம்பும் பல்லக்கு ஒன்பது நாளில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறது. வழியில் மக்கள் தரையில் வரிசையாகக் குப்புறப் படுக்க, பல்லக்கு அவர்களுக்கு மேலாகக் கடந்து போகிறது. நோயாளிகளும் பிள்ளை வரம் வேண்டுவோரும் அந்த வரிசையில் இருப்பார்கள். மாட்சு வழிபாட்டை யுனெஸ்கோ 2009இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இரு கரைகளையும் இணைத்த மனிதர் ஒருவர் இருந்தார். யுன்னானின் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கடற்படைத் தளபதி செங் ஹோ. 1431இல், கடைசிப் பயணத்துக்கு முன், சாங்லேயில் மாட்சுவுக்கு நன்றி சொல்லிக் கல் நாட்டினார். புயலில் பாய்மர உச்சியில் தெய்வ ஒளி தோன்றியதும் கடல் அடங்கியது என்று அதில் பதிந்தார். அதற்கு முன்பே இலங்கைக்கென 1409 தேதியிட்ட கல் ஒன்றைச் செதுக்கிக் கொண்டுவந்திருந்தார். அதில் சீனப் பகுதி புத்தருக்கு. தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையின் தெய்வமான தென்னாவர நாயனாருக்கு. பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கு. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நம் பிள்ளைகளைப் பள்ளிச் சுற்றுலாவில் கொழும்புக்கு அழைத்துப் போகிறவர்கள், மிருகக்காட்சிசாலைக்குச் செலவிடும் நேரத்தில் கால்வாசியை அந்தக் கல்லுக்குத் தர வேண்டும். ஒரே கல்லில் மூன்று மொழி, மூன்று வணக்கம். அதிலொன்று நம் மொழி.

நாகூர் ஆண்டகையையும் மாட்சுவையும் இன்னும் நெருக்கமாகப் பார்க்கச் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவுக்குப் போகலாம். நிலம் நிரப்பப்படுவதற்கு முன் அதுதான் கடற்கரை. சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை அங்கே நாகூர் தர்காவைக் கட்டினார்கள். சில எட்டில், ஃபூஜியன் மக்கள் 1839இல் தொடங்கி 1842இல் முடித்த தியன் ஹொக் கெங் கோயில். அதன் மூலத்தெய்வம் மாட்சு. உயிரோடு கரை ஏறியவன் யாராக இருந்தாலும், கால் நனைந்த நிலையிலேயே நன்றி சொல்ல அந்தத் தெருவில் இடம் இருந்தது.

கல்முனையில் இன்று எல்லோரும் கந்தூரியை ஒரே கண்ணோடு பார்ப்பதில்லை. தௌஹீத் சிந்தனையுள்ளவர்கள் இதை மார்க்கத்தில் சேர்க்க மாட்டார்கள். அந்த விவாதம் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. கடலும் ஒரு கேள்வியைக் கொண்டுவந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வந்தபோது நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் கரையோர வீடுகள் வரிசை வரிசையாகப் போயின. காப்பாற்றும் பெரியாரின் கரையில் இப்படி ஆனதே என்ற கேள்வி எழாமல் இருந்திருக்காது. ஆனாலும் கரைவலைக்காரர்கள் கடலுக்குத் திரும்பினார்கள், கொடியும் திரும்ப ஏறியது.

நாகூர்க் கொடி இன்னொரு கரையிலும் ஏறியது: பினாங்கு, ஜார்ஜ் டவுனின் சூலியா தெரு. அங்கே போன மரக்காயர் கப்பல்களைப் பற்றி அடுத்த வாரம்.