ஹங் துவா கதையில் தப்பியவர் யார்?

செலண்டாரிலிருந்து மலாக்கா நகருக்குச் செல்வோர், சுல்தான் அரண்மனை அருங்காட்சியகத்தில் இரு வீரர்கள் கெரிஸ் ஏந்தி மோதும் காட்சியைக் காணலாம். ஹங் துவாவும் ஹங் ஜெபாட்டும் பகைவர்கள் அல்லர், உயிர் நண்பர்கள்.

அவர்கள் மோதியது ஏன் என்பதை 'ஹிக்காயாட் ஹங் துவா' என்ற மலாய்ச் செவ்விலக்கியம் சொல்கிறது. அரண்மனைப் பெண்ணோடு துவாவுக்குத் தொடர்பு என்று பொறாமைக்காரர்கள் கோள் மூட்டினர். சுல்தான் விசாரிக்காமலே மரண தண்டனை விதித்தார். முதலமைச்சரான பெண்டஹாரா துவாவை மறைத்து வைத்தார். நண்பன் மாண்டதாக நம்பிய ஜெபாட் அரண்மனையைக் கைப்பற்றினார். அவரை அடக்க ஆளில்லை என்றானபோதுதான் துவாவுக்கு மன்னிப்புக் கிடைத்தது. துவாவின் கையால் குத்துப்பட்ட ஜெபாட், வெறிகொண்டு ஊர்மக்கள் பலரைக் கொன்ற பின் மாண்டார்.

சிலப்பதிகாரத்திலும் விசாரணையின்றியே கோவலன் வெட்டப்பட்டான், மதுரை எரிந்தது. ஆனால், பிழை தெரிந்ததும் பாண்டியன் உயிர்விட்டான். மலாக்கா சுல்தானோ அரியணையில் நீடித்தார்.

1956-இல் பி. ரம்லி நடித்த படத்தின் பெயர் 'ஹங் துவா'. நாடு சுதந்திரமடைந்த பின், 1961-இல் வந்த படத்தின் பெயர் 'ஹங் ஜெபாட்'. இருவரில் யார் வீரர் என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. விசாரிக்காத சுல்தானையும், இறந்துபோன ஊர்மக்களையும் அந்த விவாதத்தில் மறக்கலாகாது.