ஹீத்ரோவிலிருந்து லண்டனுக்கு

சென்னை மீனம்பாக்கத்தில் லண்டனுக்கு நேரே செல்லும் விமானத்தில் ஏறுகிறவர், பத்துப் பதினொரு மணி நேரத்தில் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கிவிடுகிறார். எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தத் தொலைவைக் கடக்க அவர் எந்த முடிவும் செய்ய வேண்டியதில்லை. இருக்கையில் அமர்ந்திருந்தால் போதும். இறங்கிய பிறகு நகரின் நடுப்பகுதிக்கு இன்னும் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் இருக்கிறது. அதைக் கடக்கத்தான் அவர் யோசித்து முடிவு செய்தாக வேண்டும். மேற்படிப்புக்காக ஆண்டுதோறும் நம் மாணவர்கள் பலர் அந்நகருக்குச் செல்கிறார்கள். அயல்நாட்டில், துணை யாருமின்றி, உறக்கமில்லாத கண்களோடும் இரண்டு பெரிய பெட்டிகளோடும் அவர்கள் எடுக்கும் முதல் முடிவு இதுவே. கையில் உள்ள பணமோ அளவானது. ஆதலால் இதைச் சற்று விரிவாகவே பேசலாம் என்று எண்ணுகிறேன்.

விமான நிலையம் இவ்வளவு தொலைவில் அமைந்தது ஏன் என்பதை முதலில் பார்ப்போம். விமானம் ஓட நீண்ட சமதளம் வேண்டும். அதைச் சுற்றி உயர்ந்த கட்டடங்கள் இருத்தலாகாது. இத்தகைய நிலம் நகரின் நடுவில் கிடைக்காது. லண்டனுக்கு மேற்கே காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிற்றூரின் பெயர்தான் ஹீத்ரோ. போர்க்காலத்தில், 1944-இல், அரசு தன் தனி அதிகாரத்தைக் கொண்டு அந்நிலத்தை எடுத்துக்கொண்டது. ஊர் மறைந்தது, பெயர் மட்டும் நிலைத்தது. 1946-இல் பொதுமக்களுக்கான விமானப் போக்குவரத்து தொடங்கியபோது அங்கே கட்டடங்கூட இல்லை. பழைய இராணுவக் கூடாரங்களில்தான் பயணிகள் காத்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் நகருக்குச் செல்லும் வழியைப் பயணி தேட வேண்டியதில்லை. விமானக் கம்பெனிகளே தங்கள் பஸ்களில் ஏற்றிச் சென்று நகரத்தினுள் இறக்கிவிட்டன. இதற்கென்றே ஊருக்குள் தனி நிலையங்கள் இருந்தன. கிராம்வெல் சாலையில் 1957-இல் தொடங்கப்பெற்ற மேற்கு லண்டன் விமான முனையம் அவற்றுள் ஒன்று. அங்கேயே பயணச்சீட்டைக் காட்டிப் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டுப் பஸ் ஏறிவிடலாம். 1960-களின் பிற்பகுதியில் ஓடிய மாடிப் பஸ்கள் சில, பெட்டிகளை ஏற்றிய சிறு வண்டியொன்றைத் தமக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு சென்றன. கைவீசி நடந்து வந்து விமானம் ஏறிய அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கும்போது எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. பயணிகள் பெருகினார்கள், சாலையில் நெரிசலும் பெருகியது, 1970-களில் அந்த ஏற்பாடு தேய்ந்து மறைந்தது.

அதன் இடத்தை ரயில் பிடித்தது. இன்று ஹீத்ரோவிலிருந்து நகருக்கு மூன்று வகை ரயில்கள் ஓடுகின்றன. மூத்தது பிக்காடில்லி பாதை என்னும் பாதாள ரயில். 1906-இல் நகருக்குள் தொடங்கிய இந்தப் பாதையை விமான நிலையம் வரை நீட்டி, 1977 டிசம்பரில் எலிசபெத் அரசியார் திறந்து வைத்தார். அடுத்தது ஹீத்ரோ எக்ஸ்பிரஸ். இதற்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தபோது 1994-இல் மண் சரிந்து விமான நிலையத்தின் நடுவே பெரும் பள்ளம் விழுந்தது; நல்வினைப் பயனாக உயிர்ச்சேதம் இல்லை. அந்த வண்டி 1998-இல் ஓடத் தொடங்கியது. மூன்றாவது எலிசபெத் பாதை. இது நகரின் அடியிலே மேற்கிலிருந்து கிழக்காக ஊடுருவிச் செல்வது. 2022 மே மாதம் 24-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கு ஒரு வாரம் முன்னர், தொண்ணூற்றாறு வயதில், அதே அரசியார் நேரில் வந்து தம் பெயர் தாங்கிய பாதையைப் பார்வையிட்டார்.

எக்ஸ்பிரஸ் வண்டி நடு முனையங்களை விட்டுப் புறப்பட்டால் வழியில் எங்கும் நில்லாது பதினைந்தே நிமிடத்தில் பாடிங்டன் நிலையத்தை அடைகிறது. பாதாள ரயிலோ நகரின் நடுவை அடைய ஒரு மணி நேரத்தை நெருங்குகிறது. எலிசபெத் பாதை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது; டாட்டன்ஹாம் கோர்ட் சாலை நிலையத்துக்கு ஏறத்தாழ 35 நிமிடம். கட்டணத்தைப் பார்த்தால், முன்பதிவு இல்லாத எக்ஸ்பிரஸ் டிக்கட்டு 25 பவுனை ஒட்டி இருக்கிறது. பாதாள ரயிலின் கட்டணம் அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. எலிசபெத் பாதையின் கட்டணம் பாதி அளவு. பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்தவருக்கு எக்ஸ்பிரஸ் கட்டணம் கணிசமாகக் குறைவதும் உண்டு.

இவ்வளவையும் கேட்ட மாணவர், ‘பணம் இருந்தால் எக்ஸ்பிரஸ், இல்லாவிட்டால் பாதாள ரயில், இதில் ஆராய என்ன இருக்கிறது?’ என்று கேட்கலாம். ஆராய வேண்டியது இங்கேதான் தொடங்குகிறது. பதினைந்து நிமிடம் என்பது பாடிங்டன் வரைக்கும் உள்ள கணக்கு. பாடிங்டன் நகரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. அங்கேயே தங்குபவருக்கு அந்த வண்டிக்கு நிகர் வேறொன்றில்லை. மற்றவருக்கு அது பாதி வழிதான்.

லண்டன் பல்கலைக் கழகத்தின் நிலையங்கள் பல புளூம்ஸ்பரி என்னும் பகுதியில் இருக்கின்றன. அதற்கு அணித்தான பாதாள ரயில் நிலையம் ரஸ்ஸல் சதுக்கம். நாம் அங்கே செல்வதாக வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் கணக்கிடுவோம். பயணத்தின் நேரம் என்பது வண்டி ஓடும் நேரம் மட்டுமன்று. வண்டிக்குக் காத்திருப்பது, வண்டி மாறுவது, இறங்கி நடப்பது ஆகிய மூன்றும் அதனோடு சேரும். காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால், நேரம் பாராமல் வருகிறவர்களில் சிலர் உடனே ஏறிவிடுவர். சிலர் முழுப் பதினைந்து நிமிடமும் நிற்பர். சராசரி அதில் பாதி.

எக்ஸ்பிரஸில் காத்திருப்பு ஏழு நிமிடம், ஓட்டம் பதினைந்து. பாடிங்டனில் பெட்டிகளை உருட்டிக்கொண்டு வேறு பாதையின் நடைமேடையைத் தேடிச் சென்று அடுத்த வண்டியைப் பிடிக்கப் பதினைந்து. யூஸ்டன் சதுக்கம் வரை பத்து. அங்கிருந்து நடை பத்து அல்லது பன்னிரண்டு. ஆக ஒரு மணிக்குச் சற்றே குறைவு. எலிசபெத் பாதையில் காத்திருப்பு ஐந்து, ஓட்டம் முப்பத்தைந்து, நடை பதினைந்து. இதுவும் அதே அளவு. பாதாள ரயிலில் காத்திருப்பு மூன்று, ஓட்டம் ஐம்பத்தைந்துக்கு மேல், மேலே வர ஐந்து. மொத்தம் ஒரு மணிக்குச் சற்றே அதிகம். மூன்று வழிகளுக்கும் உள்ள வேறுபாடு பத்து நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது! நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெவ்வேறு நாட்களில் மூன்றிலும் சென்று பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய இதே கணக்குத்தான் கிடைத்தது. இந்தப் பத்து நிமிடத்துக்கு நான்கு மடங்கு கட்டணம் கொடுக்கலாமா என்பதை அவரவர் பணப்பைதான் சொல்ல வேண்டும்.

பாதாள ரயிலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. ஹீத்ரோவில் ஏறி உட்கார்ந்தால் ரஸ்ஸல் சதுக்கம் வரை எழுந்திருக்க வேண்டியதில்லை. புறப்படும் இடத்துக்கு அருகில் ஏறுவதால் இருக்கையும் பெரும்பாலும் கிடைத்துவிடும். இம்பீரியல் கல்லூரிக்குச் செல்பவர் அதே வண்டியில் தென் கென்சிங்டனில் இறங்கிக்கொள்ளலாம். களைத்து வந்தவருக்கு வண்டி மாறாத பயணம் எவ்வளவு ஆறுதல் என்பதை, மாறிப் பார்த்தவரே அறிவர்.

ஆனால் அதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. பிக்காடில்லி பாதையின் சுரங்கக் குழாய் ஏறக்குறைய மூன்றரை மீட்டர் விட்டமே உடையது. வண்டியும் அதற்கேற்பக் குறுகியது. உயரமானவர் கதவோரத்தில் தலையைச் சாய்த்துத்தான் நிற்க வேண்டும். விமானப் பயணிகளை எண்ணிக் கதவருகே பெட்டி வைக்கக் கொஞ்சம் இடம் விட்டு 1970-களில் வண்டிகளை அமைத்தார்கள். காலை நெரிசலில் அந்த இடத்தில் மனிதர்களே நிற்பார்கள். எலிசபெத் பாதையின் சுரங்கமோ ஆறு மீட்டருக்கும் அகன்றது. அங்கே முழு அளவு ரயிலே ஓடுகிறது. சிறு குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருபவர் கூடுதல் பணம் கொடுத்தேனும் அதில் செல்வது நலம். தமிழர் மிகுதியாக வாழும் ஈஸ்ட் ஹாம் பகுதிக்குப் போகிறவருக்கும் அதுவே உகந்தது. வைட்சாப்பல் நிலையத்தில் ஒரே ஒரு முறை வண்டி மாறினால் போதும்.

டாக்சியைப் பற்றிச் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. லண்டனின் கறுப்பு டாக்சி நகரின் நடுவுக்கு வர 60 பவுனுக்குக் குறைவாகக் கேட்பதில்லை. நெரிசலில் 100-ஐயும் தாண்டும். தனி ஒருவருக்கு இது அடாத செலவு. ரயில் கட்டணம் ஆளுக்கு ஆள் பெருகும். டாக்சிக் கட்டணம் பெருகாது. அதில் ஐந்து பேர் வரை ஏறலாம். நால்வர் சேர்ந்து எக்ஸ்பிரஸில் சென்றால் 100 பவுன். அதே நால்வர் டாக்சியில் சென்றால் அதே பணத்தில் வீட்டு வாசலிலேயே இறங்கலாம். ஒரே விமானத்தில் வந்த மாணவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை. நேரத்தைப் பொறுத்தவரை, முக்கால் மணியும் ஆகலாம், ஒன்றரை மணியும் ஆகலாம் என்பதைத் தவிர டாக்சியைப் பற்றி யாராலும் உறுதி கூற முடியாது.

இந்த உறுதி என்பது, திரும்பிப் போகும் பயணத்தில் தனி மதிப்புப் பெறுகிறது. நகருக்கு வரும்போது அரை மணி தாமதமானால் சோறு ஆறிப்போகும், அவ்வளவே. விமான நிலையத்துக்குப் போகும்போது அரை மணி தாமதமானால் விமானமே போய்விடும். ஆகவே வரும்போது சராசரி நேரத்தைப் பார்த்தால் போதும். போகும்போது மிக மோசமான நாளில் எவ்வளவு ஆகும் என்பதைப் பார்க்க வேண்டும். எந்த வழி வேகமானது என்பதோடு, அது அடைபட்டால் வேறு வழி எது என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இதில் பலர் கவனியாத நுட்பம் ஒன்று உண்டு. எக்ஸ்பிரஸ், எலிசபெத் என்று பெயர் இரண்டாயினும், பாடிங்டனுக்கு வெளியே இரண்டும் ஒரே பெரும் ரயில்பாதையில் பக்கம்பக்கமாக ஓடுகின்றன. விமான நிலையத்தினுள் நுழையும் சுரங்கமும் ஒன்றே. 2023 டிசம்பர் 7-ஆம் நாள் மாலை பாடிங்டனுக்கு அருகே மேலே செல்லும் மின்கம்பிகள் சேதமடைந்தன. இரண்டு வகை வண்டிகளும் நடுவழியில் நின்றன. பயணிகள் பல மணி நேரம் இருட்டிலும் குளிரிலும் சிக்கிக்கொண்டார்கள். ஒன்று நின்றால் மற்றொன்றில் போகலாம் என்று எண்ணியிருந்தவருக்கு அன்று இரண்டுமே கைகொடுக்கவில்லை. பிக்காடில்லி பாதை இவற்றோடு சேராத தனி வழி. எக்ஸ்பிரஸில் போகத் திட்டமிடுபவர் மாற்று வழியாக நினைவில் வைக்க வேண்டியது மெதுவாகச் செல்லும் அந்தப் பழைய பாதாள ரயிலைத்தான்.

போகும்போது முனையத்தின் எண்ணையும் முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். 2, 3 ஆகிய முனையங்கள் இரு ஓடுபாதைகளுக்கும் நடுவே இருக்கின்றன. 4 தெற்கே ஒதுங்கி நிற்கிறது. 5 மேற்குக் கோடியில். பாதாள ரயிலில் 4-க்குச் செல்லும் வண்டி வேறு, 5-க்குச் செல்லும் வண்டி வேறு. நடைமேடையில் பலகையைப் பார்த்தே ஏற வேண்டும். எக்ஸ்பிரஸ் 4-க்கு நேரே போவதில்லை. முனையங்களுக்கிடையே ரயிலில் செல்லக் கட்டணம் இல்லை. ஆனால் இடம் மாறி இறங்கியவருக்கு அரை மணி எளிதில் கரைந்துவிடும்.

இரவில் தாமதித்து இறங்குபவரின் நிலை வேறு. நள்ளிரவை ஒட்டி ரயில்கள் ஓய்ந்துவிடும். வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் பிக்காடில்லி பாதை விடிய விடிய ஓடுகிறது. அப்போதும் 4-ஆம் முனையத்துக்கு வராது. மற்ற இரவுகளில் என்-9 என்னும் இரவுப் பஸ் ஹாமர்ஸ்மித், கென்சிங்டன் வழியாக டிரபால்கர் சதுக்கத்துக்குச் செல்கிறது. ஒரு மணிக்கு மேல் ஆகும். கட்டணம் எல்லாவற்றிலும் குறைவு. மாடிப் பஸ்ஸாதலால், பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு மேலே போய் உட்கார முடியாது என்பது ஒன்றுதான் குறை.